38 தொகுதிகளுக்குள் ஒரு பழைய கேள்வி: திருச்சபைத் தந்தையர் பெருந்தொகுப்பு – மதிப்புரை

நல்லவரான கடவுள் படைத்த உலகத்தில் தீமை எங்கிருந்து வந்தது, அதைச் செய்பவன் உண்மையிலேயே சுயாதீனமுள்ளவனா, விசுவாசம் என்பது மனிதன் தன் மனதால் கொடுப்பதா அல்லது கடவுளிடமிருந்து பெற்றுக்கொள்வதா என்னும் மூன்று கேள்விகளும் ஆதித் திருச்சபையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இவற்றை மூல ஆசிரியர்களின் வாயிலாகவே கேட்க விரும்பும் தமிழ் வாசகருக்கு இன்று மிக எளிதாகக் கிடைப்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் உருவான திருச்சபைத் தந்தையர் பெருந்தொகுப்புதான். நிசேயா சங்கத்துக்கு (325) முந்தைய ஆசிரியர்களுக்கு 10 தொகுதிகளும், அகஸ்டினுக்கும் கிறிசோஸ்தமுக்கும் 14 தொகுதிகளும், அவர்கள் காலத்து மற்ற ஆசிரியர்களுக்கும் பிற்பட்டவர்களுக்கும் இன்னொரு 14 தொகுதிகளுமாக மொத்தம் 38 தொகுதிகள் கொண்டது அது. காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டதால், கிறிஸ்டியன் கிளாசிக்ஸ் எத்தீரியல் லைப்ரரி போன்ற இணைய நூலகங்களில் இதை இலவசமாகவே வாசிக்கலாம். அச்சில் வேண்டுவோருக்கு மறுபதிப்புகளும் உண்டு. தீமை, சுயாதீனம், விசுவாசம் என்ற ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு இத்தொகுப்புக்குள் நடந்தால் என்ன கிடைக்கும், எங்கே வழி தவறும் என்பதைச் சொல்வதே இம்மதிப்புரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கேள்வியை ஆராய்வோருக்கு இதைவிடப் பெரிய கொடை வேறில்லை, ஆயினும் இதை மட்டுமே வாசித்துவிட்டு நிறுத்துபவர், அகஸ்டினைப் பற்றி ஒரு பக்கம் சாய்ந்த எண்ணத்தோடுதான் எழுந்திருப்பார்.

தொகுப்பின் பிறப்பை அறிந்துகொள்வது அதன் சாய்வை அறிய உதவும். எடின்பரோவின் டி அண்ட் டி கிளார்க் பதிப்பகம், அலெக்சாண்டர் ராபர்ட்ஸ், ஜேம்ஸ் டொனால்ட்சன் ஆகிய இருவரையும் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு 1867 முதல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு வரிசையே முதல் பகுதிக்கு அடிப்படை. அதை அமெரிக்க எப்பிஸ்கோப்பல் பேராயர் கிளீவ்லண்ட் காக்ஸ் 1885-இலிருந்து மறுசீரமைத்து, தம் குறிப்புகளையும் சேர்த்தார். அடுத்த இரண்டு வரிசைகளை, சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய திருச்சபை வரலாற்றாசிரியர் பிலிப் ஷாஃப் தொடங்கினார். கடைசி வரிசையில் ஹென்றி வேஸ் அவரோடு இணைந்துகொண்டார். முழு வேலையும் 1900-இல் நிறைவடைந்தது. சீர்திருத்த மரபைச் சேர்ந்த அறிஞர்கள் தங்களுக்கு முக்கியம் என்று பட்டவற்றைத் தேர்ந்தெடுத்த தொகுப்பு இது என்பதை வாசகர் கடைசிவரை மறக்கலாகாது.

முதல் தொகுதியிலேயே நம் கேள்வி எதிர்ப்படுகிறது. கிறிஸ்தவம் ரோமப் பேரரசுக்குள் பரவிய காலத்தில், எல்லாம் விதிப்படியே நடக்கிறது என்ற ஸ்தோயிக்கர் எனப்பட்ட தத்துவவாதிகளின் கருத்தும் கோள்கள் மனிதரை ஆள்கின்றன என்ற சோதிட நம்பிக்கையும் வீதிக்கு வீதி வேரூன்றியிருந்தன. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய ஜஸ்டின், தம் முதல் விளக்கவுரையின் 43-ஆம் அதிகாரத்தில் இதற்கு நேராக எழுந்து நிற்கிறார். தீர்க்கதரிசிகள் வருங்காரியங்களை முன்னறிவித்தார்கள் என்றால் எல்லாம் விதியால் நடப்பவை என்றுதானே ஆகும் என்று ஒருவர் கேட்கலாம் என்பதை அவரே முன்வைத்து, மனிதனுக்குத் தெரிவுசெய்யும் ஆற்றல் இல்லையென்றால் ஒருவனைப் புகழவும் முடியாது, மற்றவனைக் கண்டிக்கவும் முடியாது என்று விடையளிக்கிறார். அடுத்த அதிகாரத்தில், பழி தெரிவுசெய்பவனையே சேரும், கடவுள் பழியற்றவர் என்ற பிளேட்டோவின் வாக்கை எடுத்தாண்டு, அதைப் பிளேட்டோ மோசேயிடமிருந்துதான் பெற்றார் என்றும் சொல்கிறார். வரலாற்று நோக்கில் இந்தக் கடைசிக் கூற்று நிற்காது. ஆனால் கிறிஸ்தவச் சிந்தனை எந்தத் துணையோடு தன் முதல் அடிகளை எடுத்துவைத்தது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

அதே தொகுதியில் உள்ள ஐரேனியஸிடம்தான் வாசகர் நீண்ட நேரம் தங்கியிருக்க வேண்டும். லியோன் நகரின் ஆயரான அவர் ஏறத்தாழ 180-இல் எழுதிய ‘தப்பறைகளுக்கு (திரிந்த போதனைகளுக்கு) எதிராக’ என்ற ஐந்து புத்தகங்களில், முதல் புத்தகம் ஞானவாதப் போதகரான வாலன்டினஸின் சீடர்கள் சொன்ன நீண்ட கதையை விவரிக்கிறது: தெய்வீக நிறைவுக்குள் இருந்த ஞானம் என்னும் சக்தி இடறியதால் துயரம் பிறந்தது, அத்துயரிலிருந்து பருப்பொருள் பிறந்தது, ஆகவே இவ்வுலகமே ஒரு தவறின் விளைவு. மனிதர்களும் பிறவியிலேயே மூன்று வகையினர் என்றும், ஆவிக்குரியவர்கள் தங்கள் இயல்பினாலேயே மீட்கப்படுவார்கள் என்றும் அவர்கள் கற்பித்தனர். இக்கதையை வாசித்த பிறகு நான்காம் புத்தகத்தின் 37-ஆம் அதிகாரத்துக்கு வந்தால், ஐரேனியஸ் எதற்காக இவ்வளவு உறுதியோடு பேசுகிறார் என்பது விளங்கும். எருசலேமைப் பார்த்து இயேசு சொன்ன, ‘உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று’ என்ற வார்த்தையையே அவர் தம் வாதத்தின் அடிக்கல்லாக வைக்கிறார். கடவுள் கூட்டிச் சேர்க்க மனதாயிருந்தும் மனிதன் மறுக்க முடிந்தது என்றால், தொடக்கத்திலிருந்தே மனிதன் சுயாதீனமுள்ளவனாகப் படைக்கப்பட்டான் என்பதே அதன் பொருள் என்கிறார். அத்துடன் நிற்காமல், செயல்களில் மட்டுமன்றி விசுவாசத்திலும் மனிதனுடைய சித்தத்தைக் கடவுள் கட்டுப்படாததாகவே காத்தார் என்று கூறி, ‘உங்கள் விசுவாசத்தின்படி உங்களுக்கு ஆகக்கடவது’ என்ற சொல்லைச் சான்றாகக் காட்டுகிறார். விசுவாசம் மனிதனுக்கே உரியது என்று இவ்வளவு வெளிப்படையாக ஓர் ஆயர் எழுதியதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே தொடரின் இன்னொரு தொகுதியில் இன்னொரு ஆயர் இதற்கு நேர்மாறாக எழுதுவதைப் பிறகு பார்ப்போம்.

38-ஆம் அதிகாரம் இன்னும் ஆழமானது. கடவுள் மனிதனைத் தொடக்கத்திலேயே நிறைவுள்ளவனாக ஏன் படைக்கவில்லை என்ற கேள்வியை ஐரேனியஸ் தவிர்க்காமல் எடுத்துக்கொள்கிறார். தாய் குழந்தைக்குத் திட உணவைக் கொடுக்க வல்லவளாயினும் குழந்தை அதை ஏற்க வல்லதாக இல்லை; அதுபோலவே புதிதாகப் படைக்கப்பட்ட மனிதன் குழந்தை நிலையில் இருந்தான், அவன் வளர வேண்டியிருந்தது என்கிறார். வீழ்ச்சியை முழுமையிலிருந்து சரிந்த பேரழிவாகக் கொள்ளாமல், வளர்ச்சிப் பாதையில் நேர்ந்த இடறலாக நோக்கும் இப்பார்வை, அகஸ்டினின் வழியாக மட்டுமே ஆதி மனிதனைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்குப் புதிதாகத் தோன்றும். எனக்கு இத்தொகுப்பில் மிகவும் பிடித்த பக்கங்கள் இவையே.

மூன்றாம் தொகுதியில் தெர்த்துல்லியன் தம் இயல்புக்கேற்ற கோபத்தோடு வருகிறார். தீமை எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்ற ஒரே கேள்வியைத்தான் தத்துவவாதிகளும் தப்பறைக்காரரும் மாறி மாறிக் கேட்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அந்தக் கேள்வியாலேயே நோயுற்றவர் என்று அவர் சுட்டுவது, 144-இல் ரோமத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்ட மார்சியோனை. நீதியுள்ள படைப்புக் கடவுள் ஒருவர், நல்லவரான அந்நியக் கடவுள் வேறொருவர் என்று பிரித்ததன் மூலம் மார்சியோன் தீமையின் புதிரை அவிழ்த்துவிட்டதாக எண்ணினார். கடவுள் நல்லவர், வருவதை முன்னறிபவர், வல்லவர் என்றால் தம் சாயலான மனிதன் ஏமாற்றப்பட ஏன் விட்டார் என்ற மார்சியோனியரின் கேள்வியைத் தெர்த்துல்லியன் ‘மார்சியோனுக்கு எதிராக’ என்ற நூலில் இரண்டாம் புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் சிறிதும் மழுப்பாமல் எழுதிக்காட்டுகிறார். மனிதனிடம் உள்ள கடவுளின் சாயல் அவனுடைய சுயாதீனமே என்பது அவர் விடை. கீழ்ப்படியவோ மீறவோ இயலாதவனுக்குக் கட்டளை கொடுப்பதில் பொருளில்லை என்பது அதற்கு அவர் தரும் ஆதாரம். கடவுள் குறுக்கிட்டுத் தடுத்திருந்தால், தாம் கொடுத்ததைத் தாமே பறித்துக்கொள்ளும் நிலையற்றவர் என்று இதே மார்சியோன் கூவியிருப்பார் என்று ஏழாம் அதிகாரத்தில் சொல்லும் இடத்தில் வழக்கறிஞரின் கூர்மை தெரிகிறது.

அந்தத் தொகுதியில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் சிறிய ஆவணம் ஒன்று இருக்கிறது: 203-இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பேத்துவா, பெலிசித்தா ஆகியோரின் மரணச் சரித்திரம். அதில் கணிசமான பகுதி பெர்பேத்துவா சிறையிலிருந்து தானே எழுதியது. அருகில் கிடந்த பாத்திரத்தைக் காட்டி, இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று தந்தையைக் கேட்டு, அதுபோலவே தானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறாகத் தன்னைச் சொல்ல முடியாது என்கிறாள் அந்த இளம் தாய். அரங்கின் வாசலில், சாத்தூர்ன், சேரெஸ் தெய்வங்களுக்குரிய உடைகளை அணியுமாறு வற்புறுத்தப்பட்டபோது, எங்கள் சுயாதீனம் பறிபோகக் கூடாது என்பதற்காகத்தான் எங்கள் விருப்பத்தாலேயே இதுவரை வந்தோம் என்று அவள் வாதாட, படைத்தலைவன் இணங்கினான். சுயசித்தத்தைப் பற்றிய பெரிய நூல்கள் அனைத்துக்கும் முன்னால் இந்தச் சில வரிகளை வாசிக்கச் சொல்வேன். அந்நூல்கள் எதைக் காக்கப் போராடின என்பது இங்கே உயிரோடு நிற்கிறது.

விசுவாசத்தைப் பற்றிய தெளிவான விவாதம் இரண்டாம் தொகுதியில், அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து எழுதிய ‘ஸ்ட்ரோமத்தா’ என்ற பல்பொருள் நூலின் இரண்டாம் புத்தகத்தில் உள்ளது. விசுவாசம் என்பது மனமுவந்து அளிக்கும் இசைவு என்கிறார் அவர். ஞானவாதப் போதகர் பசிலிதெஸின் சீடர்கள் விசுவாசத்தைச் சிலருக்கு இயல்பிலேயே அமைந்த ஒன்றாகக் கருதினார்கள். அப்படியானால் விசுவாசிப்பவனுக்குப் பாராட்டும் இல்லை, விசுவாசிக்காதவனுக்குக் குற்றமும் இல்லை என்று கிளெமெந்து மறுக்கிறார். நான்காம் தொகுதியில் ஒரிஜன், செல்சஸ் என்ற தத்துவவாதியின் ஏளனத்துக்குப் பதில் எழுதும்போது இதே பொருள் வேறு கோணத்தில் வருகிறது. ஆராயாதே, விசுவாசி என்பதே கிறிஸ்தவர்களின் உபதேசம் என்று செல்சஸ் சாடினார். எல்லாருக்கும் தத்துவம் பயில ஓய்வு கிடைப்பதில்லை என்று முதலில் ஒப்புக்கொள்ளும் ஒரிஜன், பிறகு கடற்பயணம் செய்பவனும் விதைப்பவனும் மணம் செய்துகொள்பவனும் நல்லது நடக்கும் என்று நம்பித்தானே தொடங்குகிறார்கள் என்று கேட்கிறார். அறிவை இகழாமலே எளிய மக்களின் விசுவாசத்துக்காக அவர் வாதாடுவது மனதைத் தொடுகிறது.

ஒரிஜனின் ‘தொடக்கக் கொள்கைகள்’ என்ற நூலின் மூன்றாம் புத்தகம் முதல் அதிகாரத்தில் இத்தொகுப்பு வாசகருக்கு அரிய உதவியொன்றைச் செய்கிறது. அந்நூலின் கிரேக்க மூலம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. ரூஃபினஸ் செய்த இலத்தீன் பெயர்ப்பே முழுமையாக எஞ்சியுள்ளது. ஆனால் சுயசித்தத்தைப் பற்றிய இந்த அதிகாரத்தின் கிரேக்கப் பாடம் தப்பிப் பிழைத்ததால், இரண்டிலிருந்தும் செய்யப்பட்ட மொழிபெயர்ப்புகளை இங்கே ஒப்பிட்டு வாசிக்கலாம். பார்வோனின் இருதயத்தைக் கடவுள் கடினப்படுத்தினார் என்ற வேதவசனம்தான் அதிகாரத்தின் மையம். ஒரே சூரிய வெப்பம் மெழுகை உருக்குகிறது, களிமண்ணை இறுக்குகிறது. ஒரே மழை உழுத நிலத்தில் பயிரையும் உழாத நிலத்தில் முள்ளையும் முளைப்பிக்கிறது என்று விளக்குகிறார் ஒரிஜன். களிமண் தான் களிமண்ணாக இருப்பதைத் தெரிவுசெய்யவில்லையே என்ற ஐயம் எனக்கு எழத்தான் செய்கிறது. உழுத நிலமும் உழாத நிலமும் என்ற இரண்டாவது உவமையே அவர் கருத்துக்கு நெருங்கி வருகிறது.

இந்த வரிசையில் நான் எல்லாருக்கும் முதலில் பரிந்துரைப்பது, யாரும் தேடாத எட்டாம் தொகுதியின் சிரியக் கையேடு ஒன்றை. எதேசா நகரத்து அறிஞர் பார்தைசான் (154–222) தம் சீடர்களோடு நடத்திய உரையாடலாக அமைந்த ‘நாடுகளின் சட்டங்கள்’ அது. கடவுள் ஒருவரே என்றால், பாவம் செய்ய இயலாதவர்களாக மனிதரை ஏன் படைக்கவில்லை என்று ஆவிதா என்பவர் கேட்பதோடு உரையாடல் சூடுபிடிக்கிறது. அப்படிப் படைக்கப்பட்டிருந்தால் மனிதன் தனக்குரியவனாக இருக்கமாட்டான், பிறர் மீட்டும் யாழையும் பிறர் செலுத்தும் கப்பலையும் போன்ற கருவியாகவே இருப்பான், புகழும் பழியும் இயக்குபவனையே சேரும் என்று பார்தைசான் பதிலளிக்கிறார். கட்டளைகளைக் கைக்கொள்வது மனிதனால் ஆகாது என்று இன்னொருவர் தயங்கும்போது அவர் தரும் மறுமொழி அழகானது: பாரமான கற்களைச் சுமக்கும்படியோ நகரங்களைக் கட்டும்படியோ கடவுள் கட்டளையிடவில்லை, வலியவனும் ஏழையும் நோயாளியும் முதியவனும் ஒருங்கே செய்யக்கூடியதையே கேட்டார்.

பிறகு விவாதம் விதிக்குத் திரும்புகிறது. இயற்கை, விதி, சுயாதீனம் என மூன்றுக்கும் அதனதன் எல்லையை வகுக்கிறார் பார்தைசான். செல்வமும் வறுமையும் ஆரோக்கியமும் நம் கையில் முழுமையாக இல்லை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் கோள்கள் ஒழுக்கத்தையும் ஆள்கின்றன என்றால், ஒரே சட்டத்தின் கீழ் வாழும் ஒரு நாட்டு மக்கள் அனைவரும் ஒரே நேரத்திலா பிறந்தார்கள் என்பது அவர் கேள்வி. இதற்குச் சான்றாகச் சீனரையும் பாரசீகரையும் பிற இனத்தாரையும் வரிசையாகக் காட்டிவரும் இடத்தில் இந்தியாவும் வருகிறது. கொலை செய்யாமல், ஊன் உண்ணாமல், மது அருந்தாமல், சிலைகளை வணங்காமல் தம் முன்னோர் வகுத்த முறைப்படி பல்லாயிரம் பிராமணர்கள் அங்கே வாழ்கிறார்கள். அதே நாட்டில், அதே கோள்களின் கீழ், இவை அனைத்தையும் செய்யும் வேறு மக்களும் வாழ்கிறார்கள் என்கிறார். எதேசாவிலிருந்து கேள்விப்பட்ட இந்தியா இது. வர்ணனை எவ்வளவு துல்லியம் என்பது வேறு விவாதம். ஆயினும் மனிதப் பழக்கவழக்கங்களின் பன்மையையே சுயாதீனத்துக்குச் சான்றாக்கும் இந்த முறை, அக்காலத்தில் வேறு எவரிடமும் இத்தனை விரிவாக நான் காணாதது. ராசிபலனைப் பார்த்துவிட்டு நாளைத் தொடங்கும் நம் வாசகர்களுக்கும் இது அந்நியமாக இராது.

மெத்தோடியஸின் ‘சுயசித்தத்தைக் குறித்து’ என்ற உரையாடல் ஆறாம் தொகுதியில் உள்ளது. மாலைக் கடலின் ஒழுங்கைக் கண்டு வியந்த ஒருவர், மறுநாள் மனிதர் ஒருவரையொருவர் தாக்குவதையும் புதைத்த பிணத்தைத் தோண்டிக் கொள்ளையிடுவதையும் கண்டு, கடவுளோடு என்றும் இருந்த பருப்பொருளே தீமைக்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்ததைச் சொல்கிறார். தீமை ஒரு பொருளன்று, செயலே என்று மறுக்கும் வாதம் கொஞ்சம் வறண்டது. தொடக்க வர்ணனைக்காகவே வாசிக்கலாம். ஏழாம் தொகுதியின் லக்டான்சியஸ், கிரேக்கத் தத்துவவாதி எப்பிக்கூரஸின் பெயரால் ஒரு புகழ்பெற்ற முட்டுக்கட்டையை நமக்குக் காத்துத் தந்திருக்கிறார்: கடவுள் தீமையை நீக்க விரும்பியும் இயலாதவரா, இயன்றும் விரும்பாதவரா, இரண்டும் இல்லாதவரா, இரண்டும் உள்ளவர் என்றால் தீமை ஏன் இருக்கிறது? தீமை இல்லையேல் ஞானத்துக்கு இடமில்லை என்ற அவருடைய பதில் எனக்கு நிறைவளிக்கவில்லை. கேள்வியின் வலிமைக்கு முன் அது மிகவும் மெலிந்து நிற்கிறது.

இப்போது அகஸ்டின். தொகுப்பின் வலிமையும் குறையும் ஒருங்கே வெளிப்படும் இடம் இதுதான். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானியின் சமயத்தில் இருந்து, ஒளியும் இருளும் இரு நித்தியப் பொருள்கள் என்று நம்பி, 386-இல் மிலான் நகரில் மனம் திரும்பி, 387-இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். அவருக்கும் கிறிசோஸ்தமுக்கும் உரிய வரிசையின் முதல் தொகுதியிலுள்ள ‘அறிக்கைகள்’ நூலில், பேரிக்காய்த் திருட்டை ஆராயும் இரண்டாம் புத்தகமும், தீமை ஒரு பொருளன்று, நன்மையின் குறைவே என்று கண்டடையும் ஏழாம் புத்தகமும், மனம் உடலுக்குக் கட்டளையிட்டால் உடல் கீழ்ப்படிய, மனம் தனக்கே கட்டளையிட்டால் எதிர்க்கிறதே என்று திகைக்கும் எட்டாம் புத்தகமும் இவ்விஷயத்தில் தவறவிடக் கூடாதவை.

அடுத்து வாசிக்க வேண்டியது நான்காம் தொகுதியில் அடங்கிய, மானியரான ஃபோர்த்துனாத்துஸோடு 392-இல் ஹிப்போ நகரில் இரண்டு நாள்கள் நடந்த பொது விவாதத்தின் பதிவு. முதல் நாளில் அகஸ்டின், பாவம் சுயசித்தத்திலிருந்தே பிறக்கிறது என்று உறுதியாக நிற்கிறார். இரண்டாம் நாளில் ஃபோர்த்துனாத்துஸ் பவுலின் நிருபங்களைக் கையில் எடுத்து, மாம்சம் ஆவிக்கு விரோதமாகப் போராடுகிறது, விரும்பாததையே மனிதன் செய்கிறான் என்ற வாக்கியங்களை முன்வைக்கிறார். அகஸ்டினின் பதிலில் அப்போது ஒரு நகர்வு நிகழ்கிறது: முழுமையான சுயசித்தம் முதல் மனிதனிடமே இருந்தது, அவன் பாவம் செய்த பிறகு அவன் வழிவந்த நாம் கட்டாயத்துக்குள் விழுந்துவிட்டோம் என்கிறார். பின்னாளில் மேற்கத்தியத் திருச்சபையையே ஆட்கொள்ளப்போகும் கருத்து, எதிராளியின் கேள்வியால் நெருக்கப்பட்டு வாய்மொழியாக வெளிப்படும் தருணம் இது. சுருக்கெழுத்தர் எழுதிவைத்த இப்பதிவு கிடைத்திருப்பது நம் பேறு.

ஐந்தாம் தொகுதி முழுவதும், மனிதன் தன் சுயசித்தத்தாலேயே நன்மை செய்ய வல்லவன் என்று கற்பித்த பெலேஜியஸுக்கும் அவர் தோழர்களுக்கும் எதிரான எழுத்துகள். 412-இல் எழுதிய ‘ஆவியும் எழுத்தும்’ நூலின் இறுதிப் பகுதியில், விசுவாசம் நம் அதிகாரத்தில் உள்ளதா என்று அகஸ்டின் பொறுமையாக, இரு பக்கமும் நிறுத்துப் பார்த்து ஆராய்கிறார். வாழ்வின் இறுதி ஆண்டுகளில் எழுதிய ‘பரிசுத்தவான்களின் முன்குறிப்பு’ (மீட்கப்படுவோரைக் கடவுள் முன்னரே தெரிவுசெய்தல்) என்ற நூலில் அந்தத் தயக்கம் முழுவதும் மறைந்து, விசுவாசத்தின் தொடக்கமே கடவுளின் ஈவு என்றாகிறது. ஆயராகுமுன் தாம் வேறுவிதமாக எண்ணியதை அவரே ஒப்புக்கொள்கிறார். நாம் பெற்றுக்கொள்ளாதது எது என்ற பவுலின் கேள்வியே தம்மை மாற்றியது என்றும், சுயசித்தத்துக்காகப் பாடுபட்டும் கடவுளின் கிருபையே வென்றது என்றும் எழுதுகிறார். விசுவாசத்திலும் சித்தம் கட்டற்றது என்ற ஐரேனியஸின் வரியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டரை நூற்றாண்டு இடைவெளியில் எவ்வளவு தூரம் கடந்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

ஆனால் இந்த மாற்றத்தின் முதல் பாதி இத்தொகுப்பில் இல்லை. 387-88-இல் ரோமில் தொடங்கி 395 வாக்கில் முடித்த ‘சுயசித்தத்தைக் குறித்து’ என்ற மூன்று புத்தகங்களைப் பதிப்பாளர்கள் சேர்க்கவில்லை. தீமைக்குக் காரணம் கடவுளா என்று எவோதியுஸ் கேட்கத் தொடங்கும் அந்த உரையாடல்தான் இப்பொருளில் அகஸ்டின் எழுதியவற்றுள் நடுநாயகமானது. அதே போல, கிருபை வென்ற இடமாக அவரே சுட்டும், 396-ஐ ஒட்டிச் சிம்பிளிசியானுக்கு எழுதிய பதிலும் இதில் இல்லை. விளைவு விசித்திரமானது. ஐந்தாம் தொகுதியிலுள்ள ‘இயற்கையும் கிருபையும்’ நூலில், அகஸ்டினின் பழைய நூலிலிருந்தே பெலேஜியஸ் மேற்கோள் காட்டியதற்கு அகஸ்டின் பதில் சொல்கிறார். வாசகருக்கோ பதில் கையில் இருக்கிறது, அந்தப் பழைய நூல் இல்லை. பெலேஜியஸின் சொந்த எழுத்துகளும் இல்லை. எதிராளி எடுத்துக்காட்டிய துண்டுகளாகவே அவர் தோன்றுகிறார். தொகுதியின் முன்னுரையை எழுதிய பெஞ்சமின் வார்ஃபீல்ட், உறுதியான கால்வினிய மரபைச் சேர்ந்த பிரின்ஸ்டன் இறையியலாளர். அவருடைய வரலாற்றுச் சுருக்கம் நேர்த்தியானது. எனினும் கிருபையின் வெற்றி முன்கூட்டியே தீர்மானமான ஒன்றாகவே அதில் வாசிக்கிறது. ஆகவே இத்தொகுப்பைப் பயன்படுத்துபவர் அந்த ஒரு நூலையாவது வேறு பதிப்பில் தேடிப் பெற்று, நான்காம் தொகுதிக்கும் ஐந்தாம் தொகுதிக்கும் நடுவே வைத்து வாசிக்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்வேன்.

இந்தச் சாய்வுக்கு மருந்தும் ஓரளவு இத்தொகுப்பிலேயே கிடைக்கிறது. கடைசி வரிசையின் ஐந்தாம் தொகுதியில் நிசாவின் கிரெகோரி, பார்வையின் இழப்பே குருடு என்பதுபோல நற்குணத்தின் இன்மையே தீமை என்கிறார். வெட்டவெளியில் வெயில் காயும்போது ஒருவன் தானே இமைகளை மூடிக்கொண்டால் சூரியன் மேல் என்ன குற்றம் என்று கேட்கிறார். எட்டாம் தொகுதியில் பேசில், தீமையை வெளியே தேடாதே, உன் தீமைக்கு நீயே ஆசிரியன் என்று ஒப்புக்கொள் என்று உபதேசிக்கிறார். பதினோராம் தொகுதியில் ஜான் காசியனின் பதின்மூன்றாம் உரையாடல், அகஸ்டினுக்கு மென்மையாக மறுப்புச் சொல்கிறது: சகேயுவைப் போலச் சிலரிடம் நல்ல மனம் முதலில் எழுகிறது, மத்தேயுவையும் பவுலையும் போலச் சிலரைக் கடவுளே முந்திக்கொண்டு இழுக்கிறார், இரண்டையும் ஒரே விதிக்குள் அடைக்க முடியாது என்பது அதன் சாரம். வாதமாகப் பார்த்தால் இது அகஸ்டினின் கட்டுக்கோப்புக்கு ஈடாகாது. ஆனால் மனிதர்களோடு பழகிய ஒரு துறவியின் அனுபவம் அதில் ஒலிக்கிறது, அதனால் எனக்கு அது நெருக்கமாயிருக்கிறது.

துன்பத்தைப் பற்றி இத்தொகுப்பு சொல்வது குறைவு என்பதையும் குறிப்பிட வேண்டும். பாவத்தின் ஊற்றைத் தேடுவதிலேயே இவ்வாசிரியர்கள் முனைந்திருந்தார்கள். கொள்ளைநோயும் நிலநடுக்கமும் பச்சிளம் குழந்தையின் சாவும் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்கின்றன. குழந்தைகளின் அகால மரணத்தைப் பற்றிக் கிரெகோரி எழுதிய சிறுநூல் ஒரு விதிவிலக்கு. இன்னொன்று கிறிசோஸ்தம் நாடுகடத்தப்பட்டுத் தம் இறுதி நாள்களைக் கழித்தபோது எழுதிய, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளாதவனுக்கு எவராலும் தீங்கு செய்ய முடியாது என்ற கட்டுரை. அரண்மனையில் இருந்தபடி ஒருவர் இதை எழுதியிருந்தால் நான் ஏற்கத் தயங்கியிருப்பேன். 404-இல் கான்ஸ்டாண்டினோப்பிளிலிருந்து துரத்தப்பட்டு, ஆர்மீனிய மலைப்பகுதியில் நோயோடு வாழ்ந்து, 407-இல் மேலும் தொலைவுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்த மனிதரின் சொல் என்பதால் அதற்கு எடை உண்டு.

வாசிப்பு வசதியைப் பற்றிச் சில வார்த்தைகள். மொழிநடை பழைய ஆங்கில வேதாகம நடையைத் தழுவியது; வாக்கியங்கள் நீளமானவை. ஆங்கில நாவல் வாசிப்பவருக்கே முதல் சில வாரங்கள் கடினமாயிருக்கும். மார்க்கஸ் டாட்ஸின் ‘கடவுளின் நகரம்’ ஓட்டமாக வாசிக்கத் தக்கது. ஐரேனியஸின் மொழிபெயர்ப்பு, முழுமையாக எஞ்சிய கரடுமுரடான இலத்தீனை ஒட்டிச் செல்வதால் மிகவும் இடறும். விக்டோரியக் கூச்சம் சில இடங்களில் வாசகரின் உரிமையையே பறித்திருக்கிறது: கிளெமெந்தின் ‘ஸ்ட்ரோமத்தா’ மூன்றாம் புத்தகம் மணவாழ்வைப் பற்றியது என்பதால் ஆங்கிலமாக்கப்படாமல் இலத்தீனிலேயே அச்சிடப்பட்டது, காசியனின் 12, 22-ஆம் உரையாடல்கள் முற்றாக விடப்பட்டன. பேராயர் காக்ஸின் குறிப்புகளில் ரோமத் திருச்சபைக்கு எதிரான வாதம் அடிக்கடி தலைகாட்டும். கத்தோலிக்க வாசகர்கள் மனம் நோகாமல் அவற்றைத் தாண்டிச் செல்லலாம், மூலநூலுக்கு அதனால் சேதமில்லை. இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மூலப்பாட ஆராய்ச்சி வெகுதூரம் முன்னேறிவிட்டதால், ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் இதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

அச்சுத் தொகுப்பு நெருக்கமான இரட்டைப் பத்தியும் சிறிய எழுத்துமாக இருக்கும். இறையியல் கல்லூரி நூலகத்துக்கோ போதகர் இல்லத்துக்கோ பொருந்தும். தனிவாசகர் இலவச மின்பதிப்பையே பயன்படுத்தலாம், வசன எண்ணைக் கொண்டு தேடும் வசதியும் அதில் கிடைக்கும். பார்வோனின் இருதயத்தைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று அறிய அது போதும். புதிதாகத் தொடங்குபவர் தொகுதி வரிசையைப் பின்பற்ற வேண்டியதில்லை. எட்டாம் தொகுதியின் பார்தைசான், முதல் தொகுதியின் ஐரேனியஸில் நான்காம் புத்தகம் 37 முதல் 39 வரை, மூன்றாம் தொகுதியின் பெர்பேத்துவா, பிறகு ‘அறிக்கைகள்’, ஃபோர்த்துனாத்துஸோடு நடந்த விவாதம், வெளியிலிருந்து தேடிக்கொண்ட ‘சுயசித்தத்தைக் குறித்து’, கடைசியாக ஐந்தாம் தொகுதியும் காசியனும் என்ற வரிசையில் வாசித்தால், யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்ற தொடர்ச்சி அறுபடாமல் இருக்கும்.